சேகருக்கு எழுதாத பதில்

எண்பதுகளில், தாம்பரத்தில் நான் படித்த கல்லூரியில் கடிதம் எழுதுதல், கதை எழுதுதல் இரண்டில் ஒரு வகுப்பு கட்டாயம். என் நண்பன் சேகர் ராஜகீழ்ப்பாக்கத்தில் காய்ச்சலில் படுத்திருந்தான். பார்க்கப் போனபோது விண்ணப்பத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தான்.

“நீ எதுல சேர்றியோ, அதுலயே என்னையும் போட்டுடு மச்சான்.”

நான் கதையில் சேர்ந்தேன். இவனுக்கு என்ன கதை வரும் என்ற இளக்காரத்தில் அவனைக் கடிதத்தில் போட்டேன்.

பட்டியலைப் பார்த்தவன், “ஆபீஸ்ல மாத்திப் போட்டுட்டாங்கடா” என்றான். நான் வாயே திறக்கவில்லை.

அவன் வகுப்பில் முதல் பயிற்சி, நண்பனுக்குக் கடிதம். எனக்குத்தான் எழுதியிருந்தான்: “வகுப்பு வேறானால் என்ன? மத்தியானம் உனக்கும் சேர்த்தே சாப்பாடு கொண்டுவருகிறேன்.”

அதன்பிறகு எத்தனையோ கதைகள் எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்துக்கு மட்டும் இன்னும் பதில் எழுத முடியவில்லை.