மாமா மாற்றித் தந்த கத்தி

எந்த வருடம் என்பதை இன்றுவரை என்னால் அறுதியிட முடியவில்லை. ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்ததற்கு அடுத்த கோடை என்று ஒரு கணக்கு. அத்தை மகளின் ஆவணிக் கல்யாணத்துக்கு முந்திய சித்திரை என்று இன்னொரு கணக்கு. இரண்டும் ஒரு வருடம் இடிக்கின்றன. மாங்காய்க் காலம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

அம்மாவின் அண்ணன், என் மாமா, ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அந்தப் பொங்கலுக்கு அவர் கொண்டுவந்த சீரில் ஓர் எவர்சில்வர் கத்தி இருந்தது. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. நான் அதில்தான் பொட்டைச் சரிபார்ப்பேன். முதல் வாரமே அடுப்போரம் வைத்ததில், மரப்பிடியில் ஆணிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு சூட்டுத் தழும்பு விழுந்தது.

அப்பாவின் அக்கா, சேத்தூர் அத்தை, எங்கள் வீட்டுக்கு வந்தால் குழம்பின் உப்பிலிருந்து கொடியில் காயும் துணி வரைக்கும் குறை சொல்வாள். துலக்கிக் கவிழ்த்த பாத்திரங்களிடம் வந்ததும் வாய் அடங்கிவிடும். புகுந்த வீட்டில் அம்மாவுக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான். கத்தியையும் அம்மா தினமும் கம்பி நாரால் அழுந்தத் தேய்த்தாள். நாளாவட்டத்தில் அதில் என் பொட்டு தெரியாமல் போயிற்று. கத்திக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரையில் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்க அத்தை வந்தாள். உப்பும் புளிப்புமாக இரவெல்லாம் கிடந்த கத்தியைக் காலையில் அவள்தான் எடுத்தாள். அலகெங்கும் செம்புள்ளிகள்.

"ஏட்டி, இங்க பாரு, துரு! உங்க அண்ணன் கடை எவர்சில்வரு லட்சணம் இம்புட்டுத்தானா? இங்கயா எம்மகளுக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்கச் சொன்ன?"

அந்தக் கல்யாண வியாபாரத்தை அண்ணனுக்கு வாங்கித் தர அம்மா நெடுநாளாகப் பேசியிருந்தாள்.

மறுநாள் மாமா வந்தார். கத்தியை வாசல் வெளிச்சத்தில் பிடித்து, அலகின் குறுக்கே நகத்தை ஓட்டினார். நகம் அங்கங்கே தட்டி நின்றது. பிறகு முற்றத்தில் துலக்குகிற இடத்தில் கிடந்த கம்பி நாரைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"என்ன தம்பி, வாயத் தொறக்கக் காணோம்?" என்று அத்தை கேட்டாள்.

"என்னத்தச் சொல்ல, மதினி. அந்தச் சரக்கே மட்டம். நாந்தான் ஏமாந்துட்டேன்."

"நல்ல வேள, கத்தியோட போச்சு" என்றாள் அத்தை. சீர்ப் பாத்திரங்கள் மதுரையில் எடுக்கப்பட்டன.

துருப்பிடித்த கத்தியை எடுத்துப்போன மாமா சில நாள் கழித்து, காகிதத்தில் சுற்றிய கத்தியோடு வந்தார். "இது வேற கத்தி, தாயி. கம்பி நாரு மட்டும் ஆகாதுன்னு கம்பெனிக்காரன் சொல்லுதான். தேங்கா நாரு போட்டுக் கழுவித் துடைச்சு வையி."

காகிதம் பிரிந்ததும் நான் பார்த்தேன். பழைய பளபளப்பு. பிடியில் ஆணிக்குப் பக்கத்தில் அதே தழும்பு. பழைய கத்தியையே பட்டறையில் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்து புதிது என்கிறார்! அத்தை சொன்னது சரிதான். அம்மாவுக்காக நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அந்த ஆடிப்பூரத் தேருக்கு மாமா வாங்கித் தந்த பால்கோவா எனக்கு இனிக்கவில்லை.

அதன்பிறகு அந்தக் கத்தி துருப்பிடிக்கவேயில்லை. மட்டச் சரக்குக்கு இது எப்படி முடிந்தது என்பது வளர்ந்து, படித்த பிறகுதான் விளங்கியது. எவர்சில்வரைக் காப்பது அதன் வழவழப்பான மேற்பரப்பு. கீறல் விழுந்தால் உப்பும் ஈரமும் அங்கே தங்கி அரிக்கும். கண்ணாடிபோல் இழைத்துவிட்டால் தங்க இடமில்லை. சரக்கில் குறையே இல்லை. நகத்தை ஓட்டியபோதே மாமாவுக்கு அது தெரிந்துவிட்டது. சொல்லியிருந்தால் கல்யாண வியாபாரம் அவருக்கு வந்திருக்கும். துலக்கிய பாத்திரங்களிடமும் அத்தைக்கு வாய் திறந்திருக்கும்.

அன்று அம்மா கத்தியை வாங்கி, பிடியை ஒருமுறை திருப்பினாள். தழும்பின்மேல் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"புதுசு நல்லாத்தான் இருக்குண்ணே" என்றாள்.

அம்மாவும் ஏமாந்துவிட்டாளே என்று எனக்கு அழுகை வந்தது.