ஸ்டோரில் கேட்ட கைதட்டல்

யட்டியாந்தோட்டை பஸ் ஸ்டாண்டில் நேற்று ரப்பர் ஷீட் ஏற்றிய லொறி ஒன்று என்னை உரசுவதுபோல் போனது. அந்தப் புளித்த புகை வாசம் மூக்கில் ஏறியதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் தோட்டத்துப் பழைய ரப்பர் ஸ்டோரின் வாசம் அது. தலைக்கு மேல் ஷீட்டுகள் தொங்க, கீழே நாங்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்க, ஒருநாளும் எங்கள் லயத்து வீடுகள் பக்கம் ஏறி வராத டவுன் ஐயாமார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எங்களுக்குச் சுத்தத்தைப் பற்றிப் பேசுவார்கள். ரப்பர் பால் வெட்டிக் களைத்து வந்த சனம் பாதித் தூக்கத்தில் இருக்கும். பேச்சு எப்போது முடிந்தது என்றே தெரியாது. அதனால் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை கைதட்டினால் எல்லோரும் தட்டுவது என்று ஒரு பழக்கம்.

ஒருமுறை, சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவச் சொன்ன ஐயாவிடம் அம்மா எழுந்து கேட்டாள்: "லயத்துப் பைப்புல தண்ணியே வர்றதில்லைங்களே ஐயா, எதுல கழுவுறது?"

ஐயா வாயைத் திறக்குமுன் கணக்கப்பிள்ளை கைதட்டினார். பழகிய கைகள், ஸ்டோர் முழுக்கத் தட்டின. சனமெல்லாம் சாக்கை உதறிக்கொண்டு எழுந்து போன பிறகும், ரப்பர் பால் காய்ந்து ஒட்டிய விரல்களோடு அம்மா பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

அந்த ஸ்டோரை இடித்து, எண்ணெய் எடுக்கிற முள்ளுத்தேங்காய்ப் பனை நட்டுவிட்டார்கள். பேச்சு மட்டும் நிற்கவில்லை, இப்போது கோயில் மண்டபத்தில் நடக்கிறது. போன மாதம் வந்த ஐயா எப்படிக் கைகழுவுவது என்று செய்து காட்டினாராம். அதற்கு ஓடையில் இறங்கி, வாளியில் தண்ணீர் தூக்கிவந்து வைத்தது என் தங்கச்சி.