இறக்கைக்கு எத்தனை ராத்தல்

காற்றாடியின் இறக்கை ஒவ்வொன்றும் தனித்தனியாக எவ்வளவு இழுக்கிறது என்று அளந்துவிடலாம் என்ற யோசனை என்னுடையதுதான். என் யோசனைகளில் யாரும் சிரிக்காத ஒரே யோசனையும் அதுவே. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. தென்காசியில் நான் சயன்ஸ் வாத்தியார். குத்துக்கல்வலசைப் பண்ணையார் ஒருவர், கிணற்றில் தண்ணீர் இறைக்க, ஊரைவிட்டுப் போன ஒரு துரையின் காற்றாடியை ஏலத்தில் எடுத்து நட்டிருந்தார். இரும்புக் கோபுரம் நின்றது. நான்கு இறக்கைகளையும் போன ஆடிக் காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மரத்தில் புதிதாகச் செய்ய வேண்டும். நான் புத்தகங்களை நம்பி, முறுக்கிய வாழையிலை மாதிரி ஒரு இறக்கை செதுக்க வைத்தேன். என் அக்காள் புருஷன், எந்தப் புத்தகத்தையும் நம்பாதவர், தட்டையாக, அகலமாக ஒன்று செய்வித்தார். எவர் இறக்கை ஜெயிக்கிறதோ அவருக்கே பண்ணையின் எல்லாக் கிணற்றுக்கும் காற்றாடி போட்டு மேற்பார்க்கிற வேலை என்று பண்ணையார் சொல்லிவிட்டார்.

அத்தான் அதற்கு முன் சோடாக் கம்பெனி வைத்து மூடியவர். பிறகு குற்றாலத்துக்கு வண்டி விட்டு நிறுத்தியவர். எனக்கோ, கரும்பலகை அலுத்துப்போயிருந்த காலம். வேலையை விட்டாலும் விடுவேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி வைத்திருந்தேன். வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "எப்போ?" என்று கேட்டார்.

அளக்கிற முறை இது. சக்கரத்தில் ஒரே ஒரு இறக்கையை மாட்டுவது. எதிர்ப்பக்கம் சமனுக்குக் கல் மூட்டை. இறக்கை நுனியிலிருந்து ஒரு கயிறு. அதன் மறுமுனை புளி நிறுக்கிற வில் தராசில். தராசு தரையில் அடித்த முளையில். காற்று அடித்தால் இறக்கை சுற்றப் பார்க்கும், கயிறு விடாது, எத்தனை ராத்தல் என்று முள் சொல்லும். ஆனால் காற்று ஒரே மாதிரி அடிக்காதே? என் கதர்த் துண்டிலிருந்து நீளமாக ஒரு பட்டை கிழித்து, வாய்க்கால் ஓரத்தில் நட்ட மூங்கில் கழியின் உச்சியில், குறுக்கே ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டினேன். பட்டை எழும்பிக் குறுக்குக் குச்சிக்கு நேராக நின்றால் அதுதான் அளவுக் காற்று. அந்த நொடியில் முள்ளைப் பார்க்க வேண்டும். இறக்கைக்குப் பத்துத் தடவை. பட்டையைப் பார்த்துக் குரல் கொடுக்கப் பண்ணையாரையே நாற்காலி போட்டு உட்கார்த்தினேன். முள்ளைப் பார்ப்பது நான். இதில் யாரால் என்ன தில்லுமுல்லு செய்ய முடியும் என்று அவரிடம் நானே பெருமையாகக் கேட்டேன்.

அன்று சாரல் இல்லை. சுள்ளென்று வெயில், மேற்கே இருந்து விடாத காற்று.

"மாப்ளே, படிச்ச கை. மொதல் மரியாதை ஒனக்குத்தான். ஒன் எறக்கைய ஏத்து" என்றார் அத்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இந்தா!" என்று பண்ணையார் கத்தக் கத்த, நான் முள்ளைப் பார்த்து எழுதினேன். சராசரி பதினோரு ராத்தல்.

இறக்கையை மாற்றுகிற நேரத்தில் அக்காள் தூக்குப்போணியில் புளியோதரையோடு வந்தாள். நான் உட்கார்ந்து தின்றேன். அத்தான் மட்டும் கழிப் பக்கம் போனார்.

"சாஞ்சு நிக்கி மாப்ளே. பிடுங்கி நேரா நட்டுட்டு வாரேன். நீ தின்னு."

நன்றி சொன்னேன். வாயில் சோற்றோடு சொன்னேன் என்பது இன்னும் நினைவிருக்கிறது.

அத்தானின் இறக்கைக்குப் பதினாலு ராத்தல் வந்தது. முள்ளைப் பார்த்தவன் நான்; எழுதியவனும் நான்.

"என்னவே வாத்தியாரே, ஒம்ம புஸ்தகம் தோத்துட்டுல்லா!" என்று பண்ணையார் சிரித்தார். அத்தானை "மேனேஜரே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் போய்க் கழியிலிருந்து பட்டையை அவிழ்த்தேன். கனத்தது. பிழிந்தால் சொட்டியது.

ஈரத் துணியைத் தூக்கி நிறுத்தக் காற்று இன்னும் பலமாக அடிக்க வேண்டும் என்பதை மூன்றாம் பாரத்து, அதாவது இப்போதைய எட்டாம் வகுப்பு, பையனுக்கே நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அத்தானுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. என் இறக்கைக்கு ஒரு காற்று, அவருடையதற்கு வேறு காற்று.

திரும்பிப் பார்த்தேன். அக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க அத்தான் ஒரு வேலையில நிக்கப் போறாருடா" என்றாள். பட்டையை முதுகுக்குப் பின்னால் வைத்து, சத்தமில்லாமல் பிழிந்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். தலைமையாசிரியர் முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றம்.

அடுத்த மாதம் குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போனோம். உடம்பெல்லாம் எண்ணெயோடு அத்தான் என் பக்கத்தில் அருவியில் நின்றார். ரகசியமாகக் கேட்க வேண்டியதை அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"பட்டைய ஏன் அத்தான் நனைச்சீங்க?"

மறுக்கவில்லை. முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, "எனக்கு வேற எடம் இல்ல மாப்ளே. ஒனக்குப் பள்ளிக்கூடம் இருக்குல்லா" என்றார்.

அதைக்கூட என்னால் மன்னிக்க முடிந்தது. இன்னொன்றைக் கேட்டேன்.

"நனைக்காம இருந்திருந்தா எது ஜெயிச்சிருக்கும்?"

"எனக்கெப்படித் தெரியும்? அளந்தது நீயில்லா?" என்று சொல்லிவிட்டு அருவிக்குள் தலையை நீட்டினார்.

தட்டை இறக்கைகள் நாலும் நன்றாகவே சுற்றின. தண்ணீரும் வந்தது. என் முறுக்கு இறக்கையைப் பண்ணையார் ஆட்கள் மாட்டுத் தொழுவத்துக்குக் கதவாகப் போட்டார்கள். காற்று அடிக்கிறபோதெல்லாம் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். அது எத்தனை ராத்தல் இழுக்கும் என்று ஒழுங்காக அளந்து பார்க்க ஒரு நாள் வில் தராசோடு அங்கே போனேன். காய்ந்த பட்டை ஒன்றும் கொண்டுபோயிருந்தேன். அத்தான் கோபுரத்தடியில் நின்று, "வா மாப்ளே" என்று கையை ஆட்டினார். தராசை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு, சும்மா வந்தேன் என்று சொன்னேன்.