அப்பா பேச்சைக் கேட்ட புனிதர்

லிஃப்ட் பழுது பார்க்கும் அவரை மாதா கோவிலில் எல்லோரும் ‘குட்டிப் பாப்பரசர்’ என்பார்கள். பள்ளிக்கூடம் கெடுத்துவிடும் என்று மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்க வைத்தவர். ஜெபமாலை முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் புனிதர் வரலாறு வாசிப்பார். ‘கீழ்ப்படிதல்’ என்ற சொல் வந்தால் மட்டும் குரல் ஓங்கும்.

ஒரு மாலை மூத்த மகள் குறுக்கிட்டாள். “இந்தப் புனிதரும் அப்பா பேச்சைக் கேக்காமத்தான் வீட்டை விட்டுப் போயிருக்காரு. போன வாரம் படிச்ச கன்னியாஸ்திரியும் ஜன்னல் வழியா ஓடிட்டாங்க. அப்பா சொன்னதைக் கேட்டுப் புனிதரானவங்க யாருமே இல்லையாப்பா?”

“ஏன் இல்லாம? நிறையப் பேர் இருக்காங்க!” என்று அவர் அலமாரியைக் குடைந்தார். ஒருவர் அப்பாவின் கடைச் சரக்கையே தானம் செய்திருந்தார். இன்னொருவர் கல்யாணத்தன்று மடத்துக்குக் கம்பி நீட்டியிருந்தார்.

தட்டுகளை எடுக்க வந்த மனைவி சொன்னாள்: “எங்கப்பா பேச்சைத் தட்டாமத்தான் நான் உங்களைக் கட்டிக்கிட்டேன். வேணும்னா என்னைச் சேத்துக்கோங்க, உயிரையே குடுத்த வேதசாட்சிகள் பக்கத்துல.”

மறுநாள் புனிதர் வரலாற்றுக்குப் பதிலாக மேசைக்குப் பின்னக் கணக்கு வந்தது. புனிதர்களை அவர் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதன் பிறகுதான் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகங்கள் மேல் உண்மையான பக்தி பிறந்தது.