குதிரைக்காரனுக்கு நான் செய்து வைத்த கல்யாணம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் வேலைக்குப் போவோம். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு ஏலக்காய் எடுக்கப் போகிறவள் எங்கள் ஜீப்பில் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. நடந்ததெல்லாம் அதனால் வந்த வினை.

அப்போது கிளை நூலகத்திலிருந்து மூன்று பாகங்கள் கொண்ட ஒரு சரித்திர நாவலை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் படிக்காதவர்களுக்கு முடிவைச் சொன்ன பாவம் எனக்கு எதற்கு? சாயங்காலம் சோறு வேகும் நேரத்தில் நாலு அத்தியாயம் படிப்பேன். மறுநாள் ஜீப் மலை ஏறத் தொடங்கியதும் அதைச் சொல்லுவேன். தோட்டத்தில் வாய் பேசினால் கங்காணி சத்தம் போடுவார் என்பதால் கதையெல்லாம் ஜீப்பில்தான்.

எனக்கு அந்த நாவலின் இளவரசன் என்றால் உயிர். ஜீப்பில் அவனுக்கு மரியாதையே கிடைக்கவில்லை. "எந்நேரமும் மாறுவேசம் போட்டுக்கிட்டுத் திரியிறானே, இவனுக்கு வேற சோலி கிடையாதா?" என்றாள் ஒருத்தி. மகாராணியின் நகைகளை நான் மூச்சு விடாமல் அடுக்கினால், "அம்புட்டையும் போட்டுக்கிட்டு எப்படித்தேன் நடந்தாளோ" என்று இன்னொருத்தி கவலைப்படுவாள். சண்டைக் காட்சி வந்தால் டிரைவர் அண்ணன் வேகத்தைக் குறைத்துவிடுவார்.

எல்லோரையும் விட அக்கறையாகக் கேட்டவர் என் பக்கத்தில் உட்காரும் அக்கா. ஐம்பது வயது இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. காய் எடுப்பதில் அவர் கை வேகம் எங்களில் யாருக்கும் வராது. அவருக்கு இளவரசனும் வேண்டாம், ராணியும் வேண்டாம். இளவரசனின் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஒருவன் கதையில் இடையிடையே வருவான். ஊரில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வந்தவன். ஜீப்பில் ஏறியதும் அக்காவின் முதல் கேள்வி, "குதிரைக்காரப் பய என்ன ஆனான்?" என்பதுதான். சாப்பிட்டானா என்றுகூடக் கேட்பார். புத்தகத்தில் இல்லாததற்கு நான் எங்கே போவேன்? "சாப்பிட்டான்க்கா" என்பேன்.

மூன்றாம் பாகத்தின் கடைசிப் போரில் அவன் செத்துப்போனான். அடிபட்டுக் கிடக்கும் இளவரசனிடம் குதிரையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது அவன் மேல் வேல் பாய்கிறது. நாலே வரி. அடுத்த பக்கத்தில் பட்டாபிஷேகம். படிக்கும்போது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அக்காவை நினைத்ததும்தான் பகீர் என்றது. அவர் வீட்டுக்காரர் இதே மலையில், ஒரு மழைநாளில், மரம் முறிந்து விழுந்து இறந்தவர். படிக்காத மனுஷி, கதையைக் கதையாக எடுத்துக்கொள்ளத் தெரியாது, தாங்க மாட்டார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மறுநாள் குதிரைக்காரனைப் பத்திரமாக ஊருக்கு அனுப்பி, அம்மா பார்த்த பெண்ணையே கட்டிவைத்து, ஊருக்கே பந்தியும் போட்டேன். அக்கா அன்று முழுவதும் சிரித்த முகமாக இருந்தார். எழுதியவரை விட நல்ல முடிவு சொல்லிவிட்ட மிதப்பு எனக்கு.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அக்கா என் பக்கத்தில் உட்காராமல் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாளும் அங்கேயே. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் சோதனைச் சாவடியில் ஜீப் நின்றபோது, அவரிடம் போய் என்னவென்று கேட்டேன்.

"அந்தக் கல்யாணத்த இன்னொருக்கக் கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு. எம்மவ அவ காலேஜ்லருந்து அதே பொஸ்தகத்த எடுத்தாந்தா. தேடித் தேடிப் பாத்துட்டு, கல்யாணமே இல்லம்மா, அவன் செத்ததுதேன் இருக்குன்னா" என்றார்.

"நீங்க தாங்க மாட்டீகன்னுதேன்க்கா..."

"அவுக மேல மரம் விழுந்த அன்னைக்கும் இப்படித்தேன். ஒண்ணுமில்ல, ஆஸ்பத்திரில இருக்காகன்னு சொல்லி என்னையத் தோட்டத்துலருந்து கூட்டியாந்தாக. அவுகளுக்கு இட்லி வாங்கணும், வண்டிய நிப்பாட்டுங்கன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேன். வண்டியில இருந்த அத்தன பேருக்கும் தெரிஞ்சிருக்கு. வீட்டு வாசல்ல பந்தலப் பாத்துத்தேன் எனக்குத் தெரிஞ்சுச்சு."

குரலை உயர்த்தவே இல்லை. அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவர் வாழ்க்கையிலேயே பெரிய காயத்தில் போய்க் கையை வைத்திருக்கிறேன். ஜீப் கிளம்பும்போது அவரே சொன்னார்: "நாளைக்குப் பொஸ்தகத்தக் கொண்டா. என்ன போட்ருக்கோ அத அப்படியே படி."

கொண்டுபோனேன். நன்றாக வெளிச்சம் வந்ததும் டிரைவர் அண்ணன் ஜீப்பை ஓரமாக நிறுத்தினார். வீட்டில் நான் ஓட்டமாகக் கடந்துபோன அதே நாலு வரி. இரண்டாவது வரியிலிருந்தே தட்டுத் தடுமாறித்தான் முடித்தேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குதிரையாவது பக்கத்துல நின்னுச்சே" என்றார். பிறகு, "அவன் ஆத்தாகிட்ட ஆரு போயிச் சொன்னது?" என்று கேட்டார்.

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பட்டாபிஷேகம். அதற்கடுத்த பக்கத்திலும் பட்டாபிஷேகம்தான்.

"அது போடலக்கா" என்றேன்.

அக்கா நகர்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.

இன்றும் அதே ஜீப்பில்தான் கதை சொல்லுகிறேன். யார் செத்தாலும் அக்காவிடம் மறைப்பதில்லை. ஆனால் எந்தச் சரித்திர நாவலிலும் போர் முடிந்து வெற்றி முரசு கொட்டியதும், செத்தவர்களின் வீட்டுக்கு யாராவது சொல்லப் போகிறார்களா என்று பக்கம் பக்கமாகத் தேடுகிறேன். நான் படித்தவரை இன்னும் ஒருவரும் போகவில்லை.