கழற்றச் சொன்ன நாள்

மெல்பேர்ண் நகர நடுவில், இலங்கைப் போரில் காணாமல் போனவர்களின் படங்களை ஏந்தி மாதத்துக்கு ஒரு முறை நிற்போம். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் போவேன். கையில் அண்ணாவின் படம். அம்மா அப்போதும் முல்லைத்தீவில் தனியாக இருந்தார். இங்கே எடுக்கிற படம் அங்கே போய், புலனாய்வுக்காரர் யாராவது வாசலில் வந்து நின்று அம்மாவை விசாரித்தால் என்ற பயம்.

பக்கத்தில் வழக்கமாக ஓர் அக்கா நிற்பார். அவரும் முகத்தை மூடியிருப்பார். கையில் அவருடைய தம்பியின் படம். நாங்கள் பெயர் கேட்டுக்கொண்டதில்லை. அவர் பிளாஸ்கில் தேநீர் கொண்டுவருவார். குடிக்கும்போது மட்டும் இருவரும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வோம். அந்த நகரத்தில் எனக்கென்று இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

போராட்டங்களில் முகத்தை மூடுவதற்குக் கட்டுப்பாடு வருகிறதென்று வானொலியில் பேசியபோது, அது குழப்படி செய்கிறவர்களுக்குத்தான் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். பிறகு ஒரு சனிக்கிழமை, அடுத்த தெருவில் வேறொரு பெரிய ஊர்வலம். அதனால் அந்தப் பகுதி முழுவதிலும் பொலிசுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்திருந்தார்கள். ஓர் இளம் பொலிஸ்காரி எங்களிடம் வந்து, முகக்கவசத்தைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் இங்கிருந்து போக வேண்டும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் அம்மாவைப் பற்றிச் சொல்ல முயன்றேன். ஆங்கிலம் வரவில்லை.

அக்கா தன்னுடையதைக் கழற்றினார்.

"வேண்டாம் அக்கா, படம் எடுக்கினம்," என்றேன்.

"எடுக்கட்டும். என்ர அம்மா போன மாசம் தவறிட்டா. எனக்கு இனி அங்க ஒருத்தரும் இல்லை, தம்பி. நீங்க போங்கோ."

அவருக்கு ஐம்பது வயதிருக்கும் என்று நினைத்திருந்தேன். முகத்தைப் பார்த்தால், என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். அண்ணாவின் படத்தைச் சுருட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். அதன் பிறகு நான் போகவில்லை.

சில வாரங்கள் கழித்து, டண்டினோங் புறநகரில் ஒரு மீன் கடையில் அந்த அக்காவுக்குப் பின்னால் நின்றேன். ஒருமுறை திரும்பி, முன்பின் அறியாத ஒருவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். என் முகத்தை அவர் ஒருநாளும் கண்டதில்லையே. ஒரு வார்த்தை பேசியிருந்தால் குரலை வைத்துப் பிடித்திருப்பார். அவருடைய அம்மாவைப் பற்றி ஏதாவது கேட்கத்தான் நினைத்தேன். அவர் மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைக்காரர் என்ன வேண்டும் என்று இரண்டாம் முறை கேட்டார்.