மாதா படத்துக்கு முன் நீலப் பல்பு

போன வாரம் மகளின் காரில் அபிராமபுரத்தில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றோம். கதவைத் திறந்ததும் கார் கீ கீ என்று கத்தத் தொடங்கியது. "ஒண்ணுமில்லம்மா, லைட்டை அணைக்க மறந்துட்டேன். அதான் ஞாபகப்படுத்துது" என்றாள். ஒரு காருக்கு எதற்கு இத்தனை ஞாபகசக்தி என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் அந்தக் காரின்மேல் இல்லை என்பது படியேறும்போதுதான் புரிந்தது.

நாங்கள் சாந்தோமில் இருந்தோம். எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது அப்பா ஒரு கார் வாங்கினார். சீமைக்குத் திரும்பிய ஏதோ ஒரு துரை விட்டுப்போன பழைய வண்டி. அதன் விளக்குகள் இஷ்டப்பட்டால் எரியும். ஹாரன் அடித்தால் மங்கும். ஒரு பள்ளத்தில் அணைந்து அடுத்த பள்ளத்தில் தானே வந்துவிடும். துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்த அப்பாவுக்கு, வீட்டுக்கு வந்தால் வயரைப் பிரித்து ஒட்டுவதே பொழுதுபோக்கு. சூடான ரப்பர் வாசனை அவர் சட்டையில் இருந்துகொண்டே இருக்கும். எனக்கு அது பிடிக்கும். கூப்பிடு தூரத்தில் மாதா கோயில். அதற்கும் ஞாயிற்றுக்கிழமை காரில்தான் போவோம். உங்களுக்குச் சிரிப்பு வரும், நடந்து போகிறவர்கள் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

தம்பி செல்வத்துக்கு மூன்று வயதில் கடுங்காய்ச்சல் வந்தது. அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பிழைத்த பிள்ளையாக அதே காரில் திரும்பக் கொண்டுவந்தோம். அன்று அம்மா நேர்ந்துகொண்டாள். அவன் வளர்ந்து கோயிலில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்குகிறவரை, காருக்குள் ஒட்டியிருந்த மாதா படத்துக்கு முன் விளக்கு அணையக் கூடாது. காருக்குள் எண்ணெய் விளக்கா வைக்க முடியும்? அப்பா பேட்டரியிலிருந்து நேரே வயர் இழுத்து ஒரு சின்ன நீலப் பல்பை மாட்டினார். சுவிட்ச் வேண்டாம் என்றது அம்மாதான். வைத்தால் யாராவது அணைத்துவிடுவார்களாம்.

அப்பாவுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. "வண்டி நிக்கிறப்பவாவது கழட்டி வச்சுடலாம் ரோசி. பேட்டரி தாங்காது."

"மாதாவுக்கு நேந்துகிட்டதுங்க. புள்ளை உயிரு."

அப்பா பல்பைக் கழட்டவில்லை. வெளியே போகாத நாட்களில் இஞ்சினை மட்டும் வாசலில் ஓடவிட்டுப் பேட்டரியைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

மறு வருஷம் ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை. காரை யாரும் தொடவில்லை, இஞ்சினை ஓடவிடவும் இல்லை. ஒருநாள் விளக்கேற்றும் நேரத்தில் செல்வத்துக்குத் தொண்டை அடைத்து, மூச்சு விசில் மாதிரி இழுத்தது. அப்பா கைப்பிடியைப் போட்டுச் சுற்றிச் சுற்றி இஞ்சினைக் கிளப்பினார். முன்விளக்கைப் போட்டதும் இஞ்சின் இருமிவிட்டு நின்றது. மறுபடி கிளப்பினார். விளக்கைத் தொடாமல்தான் போயாக வேண்டும். மழை இருட்டில் கச்சேரி ரோடு கண்ணுக்கே தெரியவில்லை. முன்னால் லாந்தர் தொங்க ஒரு ஜட்கா போனது. அதன் பின்னாலேயே ஊர்ந்தோம்.

ஜட்காக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா, மோட்டார வச்சிக்கினு என் பின்னால வர்றே?"

"லைட்டு இல்லப்பா. புள்ளைக்கு முடியல. கொஞ்சம் வெரசாப் போ."

அவர் சாட்டையை எடுத்தார். பாவம், குதிரை தன்னால் முடிந்த மட்டும் ஓடியது. அது ஓடிய வேகம்தான் எங்கள் கார் போன வேகம். காருக்குள் நீலப் பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன். பின்னால் அம்மா மடியில் கிடந்த தம்பியின் முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்திருந்தது. லஸ் முனை வருவதற்குள் விசில் சத்தம் நின்றுவிட்டது. அம்மா மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் லாந்தரைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தார்.

அடக்கம் முடிந்த பிறகு அப்பா காரின் பக்கம் போகவில்லை. வயரை அறுக்கவும் இல்லை. பேட்டரி தீர்ந்து பல்பு தானாக அணைந்தது. வீட்டில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லிச் சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

கார் விலைக்குப் போனது. ஜட்காக்களும் போயின. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். செல்வத்தை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். கடற்கரை வெயிலில் ஓடி விளையாடிய முகமாக அதை நினைத்துப் பார்க்க எவ்வளவோ முயல்கிறேன். நீலமாகத்தான் வருகிறது.